நாளைக்கு மழை வருமா? ராணுவம் கேட்டால் இந்தச் சாதாரணக் கேள்வியும் பரம ரகசியம்... ஏன்?

காலையில் எழுந்ததும் செல்போனில் வானிலை பார்ப்பது இப்போது பலருக்கும் பழக்கம். குடை எடுக்கணுமா, மாடியில் வடகம் காயப் போடலாமா என்று தெரிந்துகொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. காசும் கிடையாது.

ஆனால் இதே கேள்வியை ஒரு ராணுவம் கேட்டால் கதையே வேறு. எந்த இடத்துக்கு, எந்தத் தேதிக்கு, எத்தனை மணிக்கு வானிலை கேட்கிறார்கள் என்பதே பல நேரங்களில் பரம ரகசியம். பதில் சொல்லும் வானிலை அதிகாரிக்கும் பின்னணி விசாரணை நடத்தி, 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' எனப்படும் பாதுகாப்பு அனுமதி கொடுத்த பிறகுதான் அந்த அறைக்குள் விடுவார்கள்.

எல்லோர் தலைக்கு மேலும் இருக்கிற வானத்தில் அப்படி என்ன ரகசியம்? விரிவாகப் பார்க்கலாம்.

ரகசியம் மழையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது

ஒருவர் கல்யாண மண்டபத்துக்குப் போய், "தை 15-ம் தேதி மண்டபம் காலியா இருக்கா?" என்று கேட்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேறு எதுவும் சொல்ல வேண்டாம். வீட்டில் விசேஷம் என்பது மண்டபத்துக்காரருக்குத் தெரிந்துவிடும். பத்திரிகை அடிக்கும் முன்பே தேதி ஊருக்குள் பரவிவிடும்.

ராணுவத்தின் வானிலைக் கேள்வியும் அப்படித்தான். கேள்வியை வைத்தே திட்டத்தை ஊகித்துவிடலாம்.

- குறிப்பிட்ட கடற்கரையில் விடியற்காலை அலை எவ்வளவு உயரம் எழும் என்று கேட்டால், அங்கே படகில் வீரர்களை இறக்கப் போகிறார்கள்.
- ஓர் இடத்தில் இரவு நேரக் காற்றின் வேகத்தைக் கேட்டால், பாராசூட் வீரர்கள் குதிக்கப் போகிறார்கள்.
- ஒரு நகரத்தின் மேல் மேகம் எவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று கேட்டால், மேலிருந்து படம் எடுக்கவோ குண்டு போடவோ திட்டம் இருக்கிறது.

ஆக, சரியான கணிப்பு சொல்ல வேண்டுமென்றால், வானிலை அதிகாரிக்கு இடமும் நேரமும் தெரிந்தாக வேண்டும். அது தெரிந்தால் பாதித் திட்டம் தெரிந்த மாதிரி. அதனால்தான் தளபதிக்கு அடுத்து ரகசியம் அதிகம் தெரிந்தவர்களில் ஒருவராக வானிலை அதிகாரி ஆகிவிடுகிறார்.

ரேடியோவில் இருந்து காணாமல் போன வானிலை அறிக்கை

இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பரில் தொடங்கியதும், பிரிட்டனில் பொதுமக்களுக்கான ரேடியோ வானிலை அறிக்கை நிறுத்தப்பட்டது. போர் முடியும் வரை அது திரும்பவில்லை.

காரணம் எளிது. ஐரோப்பா இருக்கிற பகுதியில் வானிலை பெரும்பாலும் மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி நகரும். இன்று அட்லாண்டிக் கடலில் இருக்கும் புயல் சின்னம் நாளை பிரிட்டனுக்கும், அதற்குப் பிறகு ஜெர்மனிக்கும் போகும். லண்டனில் இன்று என்ன வானிலை என்று தெரிந்தால், பெர்லினில் அடுத்து என்ன வரும் என்று கணிக்கலாம். எப்போது விமானம் அனுப்பலாம் என்றும் முடிவு செய்யலாம்.

அதாவது, மேற்கே இருந்த பிரிட்டனுக்கு இயற்கையே ஒரு நாள் முன்கூட்டித் தகவல் கொடுத்தது. கிழக்கே இருந்த ஜெர்மனி அந்தத் தகவலைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

ஜூன் 5-ஆ, 6-ஆ? ஒன்றரை லட்சம் உயிர்கள் காத்திருந்த முடிவு

வானிலையும் ரகசியமும் ஒன்றாகப் பின்னிக்கிடந்த மிகப்பெரிய சம்பவம், 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய 'டி-டே'. அன்று ஒரே நாளில் இறங்கியவர்கள் சுமார் 1,56,000 பேர். கப்பல்கள், படகுகள் எல்லாம் சேர்த்து சுமார் 7,000.

இதற்கு எல்லா நாளும் சரிப்படாது. ஜெர்மானியர் கடலுக்குள் நட்டுவைத்த தடைகள் கண்ணில் படவேண்டும் என்றால், விடிந்த சிறிது நேரத்தில் கடல்நீர் உள்வாங்கி இருக்க வேண்டும். பாராசூட் வீரர்களுக்கு நிலா வெளிச்சம் வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தது ஜூன் 5, 6, 7 ஆகிய மூன்றே நாட்கள். விட்டால் அடுத்து கடல் மட்டம் ஒத்துவர இரண்டு வாரம் ஆகும்.

அவ்வளவு பெரிய படையை இரண்டு வாரம் சும்மா வைத்திருந்தால் ரகசியம் தங்குமா? தங்காது. அதனால் மோசமான வானிலையில் புறப்பட்டாலும் ஆபத்து, தள்ளிப்போட்டாலும் ஆபத்து.

எங்கே, எப்போது என்ற விவரம் தெரிந்தவர்களுக்காகவே 'பிகட்' என்ற தனி ரகசியப் பட்டியல் இருந்தது. எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அந்த ஆவணங்களைக் காட்டக் கூடாது. ஆனால் தேதியை முடிவு செய்வதே வானிலை என்பதால், தளபதி ஐசன்ஹோவரின் தலைமை வானிலை ஆலோசகர் ஜேம்ஸ் ஸ்டாக் அந்த உள்வட்டத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். அவர் அடிப்படையில் சிவிலியன். தளபதிகள் மத்தியில் பேச்சு எடுபட வேண்டும் என்பதற்காக அவருக்கு விமானப்படையில் 'குரூப் கேப்டன்' பதவி கொடுத்தார்கள்.

ஸ்டாக்கிடம் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் கணிப்பு சொல்லின: பிரிட்டிஷ் வானிலைத் துறை, பிரிட்டிஷ் கடற்படை, அமெரிக்க விமானப்படை. மூவரும் ரகசியத் தொலைபேசி இணைப்பில் பேசிப் பேசி சண்டை போட்டதுதான் மிச்சம். ஒருமித்த கருத்து லேசில் வரவில்லை.

முதலில் குறித்த நாள் ஜூன் 5. புயல் வருகிறது என்று ஸ்டாக் எச்சரித்ததால், ஜூன் 4 விடியற்காலை ஐசன்ஹோவர் அதைத் தள்ளிவைத்தார். அன்று இரவே, ஜூன் 6-ம் தேதி சிறிது நேரத்துக்கு வானிலை சற்றுத் தெளியும் என்று ஸ்டாக் சொன்னார். அந்த இடைவெளியை நம்பித்தான் படை புறப்பட்டது.

அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருந்தால்? ஜூன் 19-ம் தேதி முதல் அதே கடலில் பெரும் புயல் வீசி, அமெரிக்கப் படை அமைத்திருந்த செயற்கைத் துறைமுகத்தையே சிதைத்துவிட்டது. படைகள் அன்று இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எதற்கு என்று தெரியாமலே தகவல் கொடுத்த 21 வயது பெண்

அந்தப் புயலை முன்கூட்டியே காட்டிக்கொடுத்த தகவல்களில் முக்கியமானது, அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள பிளாக்சாட் என்ற சிறிய இடத்தில் இருந்து வந்தது. அங்கே அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர் மொரீன் பிளாவின். வானிலைக் கருவிகளைப் பார்த்துக் குறித்து அனுப்புவதும் அவர் வேலையில் சேர்த்தி.

1944 ஜூன் 3 அவருடைய 21-வது பிறந்தநாள். அன்று அதிகாலை காற்றழுத்தம் வேகமாக இறங்குவதைக் குறித்து அனுப்பினார். சிறிது நேரத்தில், அளவுகளைச் சரிபார்த்துத் திரும்பச் சொல்லுமாறு தொலைபேசியில் கேட்டார்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தாலும், வானிலைத் தகவலை மட்டும் பிரிட்டனுக்குத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

தான் அனுப்பிய எண்கள் எதற்குப் பயன்பட்டன என்பது மொரீனுக்கு 1956-ல்தான் தெரிந்தது. 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை அவரை கௌரவித்தது. 2023 டிசம்பரில், தனது 100-வது வயதில் அவர் காலமானார்.

ரகசியம் எப்படி அடுக்கடுக்காக வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். அளவெடுப்பவருக்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை. கணிப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

கனடாவில் ஜெர்மனி ஒளித்துவைத்த கருவி

ஜெர்மனியும் சும்மா இருக்கவில்லை. 1943 அக்டோபரில் யு-537 என்ற நீர்மூழ்கிக் கப்பல், கனடாவின் லாப்ரடார் கரைக்கு ரகசியமாகப் போய் ஒரு தானியங்கி வானிலை நிலையத்தை நிறுவியது. பெயர் 'குர்ட்'. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ரேடியோவில் தகவல் அனுப்பும் கருவி அது.

யாராவது பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது என்று, கனடா வானிலைத் துறைக்குச் சொந்தமானது போல அதன் மேல் எழுதினார்கள். அமெரிக்க சிகரெட் பெட்டிகளைச் சுற்றிலும் போட்டுவைத்தார்கள். திட்டம் நன்றாகவே பலித்தது. அது ஜெர்மன் கருவி என்பது உறுதியானது 1981-ல்! இப்போது ஒட்டாவாவில் உள்ள கனடா போர் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

ஆனால் இதெல்லாம் போதவில்லை. டி-டே நேரத்தில் அட்லாண்டிக்கில் என்ன நடக்கிறது என்று ஜெர்மனிக்குச் சரியாகத் தெரியவில்லை. இந்த வானிலையில் யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், மனைவியின் பிறந்தநாளுக்காக ஊருக்குப் போயிருந்தார் தளபதி ரோமல். அந்தப் பிறந்தநாள், ஜூன் 6.

வானிலைச் செய்தியால் உடைந்த 'எனிக்மா'

வானிலைத் தகவலை அசட்டையாக அனுப்பினால் என்ன ஆகும்? அதற்கும் ஜெர்மனிதான் உதாரணம்.

ஜெர்மனியின் ரகசியச் செய்திகள் 'எனிக்மா' என்ற இயந்திரம் மூலம் குறியீடாக மாற்றப்பட்டன. அதை உடைக்க பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் பெரிய குழுவே வேலை செய்தது. கடலில் தனியாகச் சுற்றும் ஜெர்மன் வானிலைக் கப்பல்களிலும் எனிக்மா இருக்கும் என்பதை அங்கிருந்த ஹாரி ஹின்ஸ்லி கவனித்தார். போர்க்கப்பலைப் பிடிப்பதை விட வானிலைக் கப்பலைப் பிடிப்பது சுலபம். 1941 மே மாதத்தில் 'மூன்ஷென்', ஜூனில் 'லாவன்பர்க்' என இரண்டு கப்பல்களைப் பிடித்து, எனிக்மா அமைப்பு விவரங்களைக் கைப்பற்றினார்கள்.

1942 பிப்ரவரியில் ஜெர்மனி நீர்மூழ்கிகளின் எனிக்மாவைக் கடினமாக்கியது. பிரிட்டனால் மாதக்கணக்கில் எதையும் படிக்க முடியவில்லை. அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் யு-559 நீர்மூழ்கி மூழ்கிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் கடற்படையின் டோனி பேஸன், காலின் கிரேசியர் இருவரும் உள்ளே இறங்கிக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கி வெளியே சேர்த்தவர் 16 வயது கேன்டீன் உதவியாளர் டாமி பிரவுன். அவர் பிழைத்தார். மற்ற இருவரும் கப்பலோடு மூழ்கி இறந்தனர்.

கிடைத்ததில் முக்கியமானது வானிலைக் குறியீட்டுப் புத்தகம். நீர்மூழ்கி அனுப்பும் அதே வானிலைத் தகவலை, ஜெர்மன் கரை நிலையம் வேறொரு எளிய குறியீட்டில் மறுபடி ஒலிபரப்பும். அந்த எளிய குறியீட்டை பிரிட்டனால் படிக்க முடிந்தது. அதை வைத்து, கடினமான எனிக்மா செய்திக்குள் என்ன இருக்கும் என்று பொருத்திப் பார்த்தார்கள். விடைத்தாளை வைத்துக்கொண்டு கேள்வித்தாளைத் திறப்பது போல. டிசம்பரில் பூட்டு திறந்துவிட்டது.

வெறும் காற்று, மழைத் தகவல்தானே என்று விட்ட இடத்தில்தான் மொத்த ரகசியமும் கசிந்தது.

சொந்த மக்களுக்கே சொல்லாத புயல்

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. ரகசியம் அளவுக்கு மீறினால் யார் பலியாவார்கள்?

1943 ஜூலை 27. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன், கால்வெஸ்டன் பகுதியைச் சூறாவளி தாக்கியது. அப்போது மெக்சிகோ வளைகுடாவில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் அச்சுறுத்தல் இருந்ததால், கப்பல்கள் ரேடியோவில் வானிலைத் தகவல் அனுப்புவதற்குத் தடை. கடலில் இருந்து வர வேண்டிய எச்சரிக்கை வரவில்லை. கரையில் மக்களுக்கான அறிவிப்பும் தணிக்கையைத் தாண்டித்தான் வரவேண்டும். பலருக்குப் புயல் வந்த பிறகுதான் அது புயல் என்றே தெரிந்தது. 19 பேர் உயிரிழந்தனர். எதிரிக்குத் தெரியக்கூடாது என்று மறைத்த தகவல், தெரிய வேண்டியவர்களுக்கும் போய்ச் சேரவில்லை.

1980: பாலைவனத்தில் தூசியும் ஒரு மௌனமும்

ரகசியத்தின் பெயரால் வானிலை அதிகாரியையே ஒதுக்கிவைத்தால் என்ன நடக்கும்? இதற்கு அமெரிக்காவின் 'ஈகிள் கிளா' நடவடிக்கைதான் பாடம்.

ஈரான் தலைநகர் டெஹ்ரானில் பிணைக் கைதிகளாக இருந்த 50-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை மீட்க, 1980 ஏப்ரல் 24 இரவு எட்டு ஹெலிகாப்டர்கள் 'நிமிட்ஸ்' விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து புறப்பட்டன. 'டெசர்ட் ஒன்' என்று பெயரிட்ட பாலைவன இடத்தில் இறங்கி எரிபொருள் நிரப்புவது திட்டம். மீட்புக்குக் குறைந்தது ஆறு ஹெலிகாப்டர்களாவது வேண்டும்.

வழியில் காற்றில் மிதக்கும் மெல்லிய தூசி மண்டலம் இரண்டு இடங்களில் குறுக்கிட்டது. விமானிகள் அதைக் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. ஒரு ஹெலிகாப்டர் கோளாறால் முன்பே வழியில் விடப்பட்டிருந்தது. இன்னொன்றில் கருவிகள் பழுதாகி, தூசிக்குள் திசை தெரியாமல் கப்பலுக்கே திரும்பியது. போய்ச் சேர்ந்த ஆறில் ஒன்று ஹைட்ராலிக் கோளாறால் பறக்க முடியாமல் போனது. மிச்சம் ஐந்து. நடவடிக்கை கைவிடப்பட்டது. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர், நின்றிருந்த விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்ததில் எட்டு வீரர்கள் உயிரிழந்தனர்.

பிறகு அட்மிரல் ஜேம்ஸ் ஹாலோவே தலைமையிலான குழு விசாரித்தது. அதில் தெரியவந்த விஷயங்கள்:

- அந்தப் பகுதியில் இப்படித் தூசி எழும் என்பது வானிலைக் குழுவுக்குத் தெரிந்திருந்தது. திட்ட ஆவணத்திலும் இருந்தது.
- ஆனால் ரகசியம் காக்க வேண்டும் என்பதற்காக, வானிலை அதிகாரிகளும் விமானிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழக்கமான நடைமுறை துண்டிக்கப்பட்டது. தகவல் இடையில் வேறொருவர் மூலம் போனது.
- ரேடியோவில் பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. டெசர்ட் ஒன்னில் வானம் தெளிவாக இருப்பது தெரிந்திருந்தால், திரும்பிப் போன ஹெலிகாப்டரின் விமானி தொடர்ந்து வந்திருப்பார்.

அவர் வந்திருந்தால் கணக்கு ஆறு. மீட்பு வெற்றி பெற்றிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்று குறைந்தது ஒரே ஒரு ஹெலிகாப்டர். அதைத் திருப்பி அனுப்பியதில் தூசிக்கும் பங்கு உண்டு, சொல்லப்படாத ஒரு வரித் தகவலுக்கும் பங்கு உண்டு.

சரி, செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்றால் என்ன?

ரகசியத் தகவலைப் பார்க்க ஒருவர் தகுதியானவர்தானா என்று அரசு விசாரித்துக் கொடுக்கும் அனுமதிதான் இது. கடன், வெளிநாட்டுத் தொடர்பு, குற்ற வழக்கு என எல்லாவற்றையும் அலசுவார்கள். ஆனால் அனுமதி இருந்தால் மட்டும் எல்லாக் கோப்பையும் திறந்துவிட முடியாது. 'இந்த வேலைக்கு இவருக்கு இது தெரிய வேண்டுமா?' என்பது இரண்டாவது சல்லடை.

வானிலை அதிகாரி விஷயத்தில் சிக்கலே இந்த இரண்டாவது சல்லடையில்தான். அவர் கையில் துப்பாக்கி இல்லை, திட்டம் போடுவதும் அவர் இல்லை. அதனால் அவருக்கு எதற்கு என்று ஒதுக்கத் தோன்றும். ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1980. உள்ளே சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 1944.

இதனால்தான் பல நாடுகள், பொதுமக்களுக்கான வானிலைத் துறை தனியாக இருந்தாலும், படைகளுக்கென்று சொந்த வானிலைப் பிரிவை வைத்திருக்கின்றன. இந்திய விமானப்படையிலும் வானிலைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

பொக்ரானில் காத்திருந்த காற்று

இந்தியாவிலும் இப்படி ஒரு நாள் உண்டு. 1998 மே 11, ராஜஸ்தானின் பொக்ரான். அமெரிக்க உளவு சாட்டிலைட்டுகளின் கண்ணில் படாமல் இருக்க, வேலைகள் பெரும்பாலும் இரவில் நடந்தன. விஞ்ஞானிகள் ராணுவ உடையில் வந்து போனார்கள். ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் அங்கே 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்'.

எல்லாம் தயாராக இருந்தும், அன்று காலை காற்று ஒத்துழைக்கவில்லை. கதிர்வீச்சு கசிந்தால் காற்று அதை ஊர்ப்பக்கம் கொண்டுபோய்விடக் கூடாது என்பதால், காற்று தணியும் வரை மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். மதியம் 3.45 மணிக்குத்தான் சோதனை நடந்தது. இவ்வளவு ரகசியமாகக் குறித்த நேரத்தையும் கடைசியில் முடிவு செய்தது காற்றுதான்.

இன்றைக்கும் இது தேவையா? கையில்தான் ஆப் இருக்கிறதே!

நியாயமான கேள்வி. உலக வானிலை அமைப்பின் உறுப்பு நாடுகள் அடிப்படை வானிலைத் தகவலைத் தடையில்லாமல் பகிர்ந்துகொள்ள 1995-லேயே ஒப்புக்கொண்டன. புயல் எல்லை பார்த்து வருவதில்லை என்பதால் அதுதான் சரியும்கூட.

ஆனாலும் இழுபறி தீரவில்லை. அமெரிக்காவின் முதல் ராணுவ வானிலை சாட்டிலைட்டுகள் 1960-களின் தொடக்கத்தில் ரகசியமாக ஏவப்பட்டன. உளவு சாட்டிலைட் படம் எடுத்தால் பாதிக்குப் பாதி மேகம்தான் பதிவானது. எங்கே மேகம் இல்லை என்று முன்கூட்டியே சொல்ல ஒரு சாட்டிலைட் தேவைப்பட்டது. எங்கே மேகம் இல்லை என்று பார்க்கிறார்கள் என்பது தெரிந்தால், எங்கே உளவு பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும் அல்லவா? அதனால் அப்படி ஒரு திட்டம் இருப்பதையே 1973 வரை வெளியில் சொல்லவில்லை.

பின்னாளில் அதே வரிசை சாட்டிலைட்டுகளின் டேட்டா, சூறாவளி கணிப்பவர்களுக்கும் பெரிய உதவியாக மாறியது. 2025 ஜூனில், அந்த டேட்டா பகிர்வை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. சைபர் பாதுகாப்பு காரணம் சொல்லப்பட்டது. சூறாவளி சீசன் நடுவிலா என்று விஞ்ஞானிகள் எதிர்ப்புத் தெரிவிக்க, ஜூலை இறுதியில் அந்த முடிவு கைவிடப்பட்டது.

1943-ல் டெக்சாஸில் எழுந்த அதே கேள்விதான் இது. எதிரிக்குத் தெரியக்கூடாத தகவலும், கரையோரத்து மக்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய தகவலும் ஒரே சாட்டிலைட்டில் இருந்து வந்தால் என்ன செய்வது?

இதுவரை நடந்தவை காட்டும் வழி ஒன்றுதான். புயல் வருகிறது என்பதை ஊருக்கே சொல்ல வேண்டும். அந்தப் புயலுக்கு நடுவே யார், எங்கே, எப்போது போகப் போகிறார்கள் என்பதை மட்டும் பூட்டி வைக்க வேண்டும். அந்தப் பூட்டின் ஒரு சாவி வானிலை அதிகாரியிடமும் இருக்க வேண்டும்.